மிதுலாவின் தாடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்

பால்பாண்டி திரையில் இருந்த பெண்ணை இரண்டு விநாடிகூட முழுதாகப் பார்க்கவில்லை.

"ஊசியப் போட்டுருங்க டாக்டர்," என்றார்.

திரையில் இருந்தது அவருடைய மகள் மிதுலா. இருபத்தொரு வயது மிதுலா. நிஜமான மிதுலாவுக்கு ஏழு வயது ஐந்தரை மாதம்தான். அவள் வெளியே வரவேற்பறையில் மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, உள்ளே இருந்த மீனை மிரட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தவளுக்கு நீளமான முடி, நல்ல புருவம், மூடிய வாய். கீழ்த்தாடை மட்டும் மேல்தாடையைத் தாண்டி நன்றாக முன்னால் வந்திருந்தது. படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் "நிலை 4" என்று இருந்தது. மொத்தமே ஐந்து நிலைகள்தான்.

விருதுநகர் பஜாருக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் இத்ரீஸின் பல் மருத்துவமனையில் முகக்கணிப்பு எடுப்பது என் வேலை. என் பெயர் ஜெனிட்டா. மூன்று வருடமாக இதைச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் பால் பல்லும் எனக்குப் புதுப் புத்தகம் மாதிரிதான்.

பால்பாண்டியின் மனைவி ராஜகனி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு பல்ல வச்சு எப்டிம்மா பதினாலு வருஷம் கழிச்சு வர்ற மூஞ்சியச் சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தக் கேள்வி வந்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா, மரத்த வெட்டிப் பாத்தா உள்ள வளையம் வளையமா இருக்கும்ல. பல்லுக்குள்ளயும் அப்டித்தான். ஒரு நாளைக்கு ஒரு கோடு. பொறந்த அன்னைக்கு மட்டும் தடியா ஒரு கோடு விழுந்துரும். எப்ப காய்ச்சல் வந்துச்சு, எப்ப கடகடன்னு வளந்தா, எல்லாம் அதுல எழுதிருக்கும். அதோட பல்லுக்குள்ள காஞ்சு கெடக்குற சதையில மரபணு இருக்கு. ரெண்டயும் சேத்துக் குடுத்தா தாடை எங்க போய் நிக்கும்னு மிசின் சொல்லிரும்."

"மூஞ்சி ஜாதகம்," என்றார் ராஜகனி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"ஜாதகம் தப்பாகும் அக்கா. இது ஆகாது."

அதை அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். "இந்த ஊசி காதுக்கு முன்னாடி, தாடை வளர்ற எடத்துல போடுறது. போட்டா அளவோட நின்னுரும். ஆனா ஏழரை வயசு தாண்டிட்டா ஊசி வேலை செய்யாது. மிதுலாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. ஒரு தடவ போட்டா திருப்பி எடுக்க முடியாது. அதனாலதான் ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும்."

பால்பாண்டி பேனாவை எடுத்துவிட்டார். ராஜகனி எடுக்கவில்லை.

"என்னடி?"

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ கிளாஸ் போட்டோவப் பாத்தியா? முப்பத்தாறு பிள்ளைக, ஒரு தாடைகூட முன்ன பின்ன இல்ல. ஸ்கேல வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. நாளைக்கு மாப்பிள்ள வீட்ல ஜாதகத்துக்கு முன்னாடி இதத்தான் கேப்பாங்க. நான் எண்ணெய்க் கடையில வேலைக்குச் சேந்தப்போ மூணே நாள்தான் கவுண்டர்ல நின்னேன். நாலாம் நாளு மொதலாளி கூப்ட்டு, 'நீ குடோனப் பாத்துக்கப்பா'ன்னாரு. பதினாறு வருஷமா குடோன்தான்."

"குடோனுக்கு நீங்கதான இன்சார்ஜு."

"அது வேற, இது வேற."

பால்பாண்டியின் கீழ்த்தாடையும் முன்னால்தான் இருக்கும். அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

ராஜகனி எழுந்தார். "நான் இன்னைக்குப் போட மாட்டேங்க. ரெண்டு நாள் கழிச்சு வர்றோம் டாக்டர்."

அவர் கேட்ட அந்த அவகாசம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கம்வரை படிப்பேன். முகக்கணிப்பு அறிக்கை பத்தொன்பது பக்கம். முதல் பக்கத்தில் படம் இருக்கும், அதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் மதியம் டப்பாவில் இருந்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே மிதுலாவின் பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தேன். மரபணுப் பட்டியலில், யாரும் பார்க்காத ஒரு மூலையில், "ஆண்" என்று இருந்தது.

சாதத்தை மூடி வைத்தேன்.

படம் வரைவதற்கு ஆணா பெண்ணா என்பதை மிசின் விண்ணப்பத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பல்லைக் கேட்காது. விண்ணப்பத்தில் பெண் என்று இருந்ததால் முடியும் புருவமும் வைத்து வரைந்துவிட்டது. மிச்சமிருந்த பல் துண்டை மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ஆண்.

மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கப் பெற்றோர் இருவரிடமும் முதல் நாளே எச்சில் எடுப்போம். அதைப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. நான் ஒப்பிட்டேன். பிறகு டாக்டரின் அறைக்கு ஓடினேன்.

"டாக்டர், அந்தப் பல்லுக்கும் ராஜகனி அக்காவுக்கும் சம்பந்தமே இல்ல."

"பால்பாண்டிக்கு?"

"ஒத்துப்போகுது."

"பாதியா?"

"நூத்துக்கு நூறு. இது அவரோட பல்லு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவருக்கு முப்பத்தஞ்சு வயசு ஜெனி. பால் பல்லுக்கு எங்க போவாரு?"

டாக்டர் உடனே போன் போட்டார், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மூவரும் வந்தார்கள். மிதுலா நேராக மீனிடம் போய்விட்டாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"பால்பாண்டி, அந்தப் பல்ல எங்கருந்து எடுத்தீங்க? நாங்க குடுத்த பாட்டில்ல அன்னைக்கே போட்டீங்களா?"

பால்பாண்டி மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"பல்லு விழுந்த அன்னைக்கு பாட்டில் ஞாபகமே இல்ல டாக்டர். பழக்கம். சாணி உருண்டைக்குள்ள வச்சு மாடிப்படி ரூமுக்கு மேல எறிஞ்சிட்டோம். பாப்பாவும் நானும்தான். மறுநாள் இவ பாட்டில் எங்கன்னு கேட்டா. பகீர்னு ஆயிருச்சு. ஏணி போட்டு மேல ஏறுனேன். ராத்திரி மழ பேஞ்சு உருண்டை கரைஞ்சு போச்சு. தேடுறேன் தேடுறேன், தண்ணி டேங்குக்கு அந்தப் பக்கம், தண்ணி போற ஓட்டைக்கிட்ட, பழைய பாசிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சின்னக் கீழ்ப்பல்லு. அப்டியே இருந்துச்சு. கழுவி பாட்டில்ல போட்டுக் கொண்டாந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லயே," என்றார் ராஜகனி.

"சொன்னா நீ திட்டுவ."

"சின்ன வயசுல நீங்க எந்த வீட்ல இருந்தீங்க பால்பாண்டி?" என்று டாக்டர் கேட்டார்.

"அதே வீடுதான். அப்பா கட்டுனது. எனக்கும் பல்லு விழுந்தா எங்க அப்பா அங்கதான..."

அவர் நிறுத்திக்கொண்டார். விரல் தானாகப் போய் அவருடைய கீழ்ப் பல்லைத் தொட்டது.

"இருபத்தெட்டு வருஷமாவா அங்க கெடந்துச்சு?" என்றார்.

"பல்லு மக்காதுண்ணே," என்றேன். "நல்லா வச்சா ஆயிரம் வருஷம் கெடக்கும்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அப்ப ஒரு விஷயம் புரிஞ்சுக்கங்க. நேத்து நீங்க திரையில பாத்தது மிதுலா இல்ல. உங்க முகம். அதுக்குப் பொண்ணுக்கு வைக்கிற மாதிரி முடி வச்சிருந்துச்சு, அவ்ளோதான். நேத்தே கையெழுத்துப் போட்டு, உங்க தாடைக் கணக்குல அவளுக்கு ஊசி போட்டிருந்தா, வளர வேண்டிய தாடையும் நின்னுருக்கலாம். தாடை சின்னதாவே இருந்துட்டா மூச்சு விடுறதுக்கே செரமம். வாழ்நாள் முழுக்க."

ராஜகனி கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நேத்தே தெரியும்னு பொய் சொல்ல மாட்டேங்க," என்றார். "ஆனா அது பழகுன மூஞ்சியா இருந்துச்சு. அதப் பாத்ததும் நீங்க மொகத்தத் திருப்பிட்டீங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் திருப்பல."

பால்பாண்டி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"எத்தன நாளு இருக்கு டாக்டர்?"

"பதினொண்ணு. இப்ப ஒரு பல்லு கெடச்சா ஆறு நாள்ல அறிக்கை எடுத்துரலாம்."

மிதுலாவைக் கூப்பிட்டோம். மேல் முன்பல் ஒன்று ஏற்கெனவே நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் பஞ்சுத் துணியால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார், வந்துவிட்டது. அவள் அழவில்லை, நாக்கை விட்டு ஓட்டையை அளந்து பார்த்தாள். பல்லை நானே பாட்டிலில் போட்டு, அவர்கள் கண் முன்னால் மூடி ஒட்டினேன்.

"அப்பா, மேல எறிய வேணாமா?"

"வேணாம்டா. மேல எடமில்ல."

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லலாம், அவ்வளவு தாமதமாகிவிட்டது. மூன்று வருடத்தில் எடுத்த இருநூற்றுப் பதினான்கு பற்களையும் பெற்றோர் எச்சிலோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. மறுநாளிலிருந்து அந்த ஒப்பீடு எங்கள் மருத்துவமனையில் சட்டம்.

ஆறாம் நாள் அறிக்கை வந்தது. இந்தத் தடவை பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பெண். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. மனசு லேசானது. கிட்டத்தட்ட விசிலடித்துக்கொண்டே முதல் பக்கத்துக்கு வந்தேன்.

நிலை 4.

முகம் வேறு. கண் ராஜகனியுடையது, நெற்றியும் அவருடையதே. தாடை மட்டும் அப்பாவுடையது, முழுசாக. ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் நல்ல செய்தி தானாக வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பல்லுக்கு அதெல்லாம் தெரியாது.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் திரையைப் போடவில்லை. முதலில் மிதுலாவை நாற்காலியில் சாய்த்து, கையுறை மாட்டி, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். கடி என்றார், திற என்றார், மறுபடி கடி என்றார். பத்து நிமிடம் ஆனது.

"மூணு வருஷமா திரையத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "வாயப் பாக்கவே மறந்துட்டேன்."

பிறகு அறிக்கையை நீட்டினார். "இது மிதுலாவோடதுதான். சந்தேகமே இல்ல. நாலு."

ராஜகனி பால்பாண்டியைத்தான் பார்த்தார், அறிக்கையை அல்ல.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் டாக்டர். "ஊசி. இந்தத் தடவ கணக்கு அவளோடது, அதனால பயமில்ல. ஒரே நாள்ல முடிஞ்சிரும், நிச்சயமா நிக்கும். இன்னொண்ணு ஊசிக்கு முன்னாடி எல்லாரும் பண்ணுனது. மேல் அண்ணத்துல ஒரு தட்டு. நெத்தியிலயும் நாடியிலயும் தாங்குற மாதிரி ஒரு மாஸ்க். தட்டயும் மாஸ்கயும் ரப்பர் மாட்டி இழுத்து விடணும். வீட்ல இருக்கும்போதும் தூங்கும்போதும் போடணும், ஒரு வருஷம், ஒண்ணேகால் வருஷம். மேல்தாடை கொஞ்சம் முன்னால வரும்."

"சரியாயிருமா?"

"பாதி. நாலு மூணாகலாம், ரெண்டாகலாம். நாலாவே நின்னாலும் நிக்கலாம். அப்புறம் பதினெட்டு வயசுல அவளுக்கே வேணும்னா ஆபரேசன் இருக்கு. வேணாம்னா விட்டுரலாம். ஊசி போட்டுட்டா அவகிட்ட கேக்குறதுக்கு எதுவும் மிச்சம் இருக்காது."

"நீங்களா இருந்தா எது போடுவீங்க?"

"எனக்குப் பொண்ணு இல்ல பால்பாண்டி. இருந்திருந்தா போன வாரம் ஊசி போட்டிருப்பேன். இன்னைக்குத் தெரியல."

மிதுலா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். என் திரையில் படம் திறந்தே இருந்தது. மூடியிருக்க வேண்டும், மூடவில்லை.

"இது யாருக்கா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"நீதான். பெரிய பிள்ளையானதும்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏன் உம்முன்னு இருக்கேன்?"

"மிசின் அப்டித்தான் படம் போடும்."

"சிரிக்கச் சொல்லுங்க."

அதற்கு ஒரு பொத்தான் உண்டு. நிலை ஒன்று, இரண்டு என்றால் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுவோம். மேல் நிலைகளுக்கு நாங்கள் யாரும் அழுத்தியதில்லை. அழுத்தினேன். படம் அசையவில்லை. ஒரு வரி மட்டும் வந்தது: "நிலை 4, சிரிப்பு. மாதிரி 0."

"என்ன அது?" என்றார் ராஜகனி.

அது புரிய எனக்கும் ஒரு நிமிடம் ஆனது. "மிசினுக்கு எல்லாம் ஆளுங்க போட்டோ காட்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க அக்கா. நாலாம் நிலையில இருக்குறவங்க எல்லாரும் வைத்தியத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோல வாய மூடிக்கிட்டுதான் இருக்காங்க. வைத்தியம் முடிஞ்சப்புறம் சிரிக்கிறாங்க. அப்ப அவங்க நாலு இல்லயே. நாலாம் நிலையில சிரிக்கிற ஒரு ஆள இது பாத்ததே இல்ல."

"அப்ப நான் சிரிச்சா எப்டி இருப்பேன்னு இதுக்குத் தெரியாதா?" என்றாள் மிதுலா.

"தெரியாதுடா."

பால்பாண்டி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சிரித்தார். வாய் முழுக்கத் திறந்து, கீழ் வரிசைப் பல் அத்தனையும் தெரிகிற சிரிப்பு. சிரிக்க வேண்டும் என்று சிரிக்கிற சிரிப்புத்தான், ஆனாலும் மறைக்கவில்லை.

மிதுலா ஒரு விரலால் அந்தக் கீழ்ப் பற்களைத் தடவினாள், சற்று முன் டாக்டர் அவளுக்குச் செய்தது போலவே. "கடி," என்றாள். கடித்தார். "கீழ்ப்பல்லு வெளிய வருது."

"ஆமா."

"முறுக்கு கடிக்க முடியுமா?"

"கடவாய்ல வச்சுத்தான் கடிப்பேன். முன்னாடி வச்சா நழுவும்."

"வலிக்குமா?"

"வலிக்காது. ஸ்கூல்ல பேரு வைப்பாங்க. அது கொஞ்சம் வலிக்கும்."

"உனக்கு என்ன பேரு வச்சாங்க?"

பால்பாண்டி ராஜகனியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இவளுக்கே சொன்னதில்ல. மம்பட்டி. மண்ணு வெட்டுற மாதிரி தாடையாம்."

மிதுலா அதை யோசித்துப் பார்த்தாள். "எனக்கு ஏற்கெனவே பேரு இருக்கு. மண்டகசாயம்."

ராஜகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எவடி வச்சது?"

"எங்க கிளாஸ் பெர்சியா. நானும் அவளுக்கு வச்சிருக்கேன்." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அந்த மாஸ்க ஸ்கூலுக்கும் போட்டுட்டுப் போணுமா?"

"வேணாம். வீட்லதான்."

"டிவி பாக்கலாமா அதோட?"

"பாக்கலாம்," என்றார் டாக்டர்.

"அப்ப போடுறேன். கொஞ்சம் உள்ள வந்தாப் போதும், முறுக்கு நழுவாத அளவுக்கு."

பால்பாண்டி படிவத்தை இழுத்தார். இரண்டு கட்டம் இருந்தது. ஊசிக்கான கட்டத்துக்கு மேலே பேனா ஒரு கணம் நின்றது, நான் பார்த்தேன். பிறகு கீழே இறங்கி இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டது. "நாளைக்கு அவ, 'ஏம்ப்பா அன்னைக்கே ஊசி போடல'ன்னு கேட்டா?" என்றார் ராஜகனியிடம்.

"கேக்கட்டும். ரெண்டு பேரும் உக்காந்து பதில் சொல்லுவோம்." ராஜகனி படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். அப்புறம்தான் பெயரை எழுதினார்.

தட்டுக்கு அளவெடுக்க டாக்டர் மிதுலாவை மறுபடி நாற்காலியில் ஏற்றினார். வாயில் அச்செடுக்கும் பச்சை மாவு வைத்திருந்ததால் அவளால் பேச முடியவில்லை, காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பால்பாண்டி என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா ஜெனி. அந்த மிசினுக்கு மாதிரி இல்லன்னியே. எம்மூஞ்சிய எடுத்துக்குமா?"

"எடுத்துக்கும்ணே. நீங்க சம்மதம்னு எழுதிக் குடுத்தாப் போதும். ஆனா நெசமா சிரிக்கணும். சும்மா பல்லக் காட்டுனா அது ஏத்துக்காது."

ஸ்கேன் வளையத்துக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்தார். ராஜகனி வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்றார். பால்பாண்டி பல்லைக் காட்டினார். மிசின் ஏற்கவில்லை. மறுபடி காட்டினார். ஏற்கவில்லை.

"சும்மா உக்காந்து எப்டிம்மா சிரிக்கிறது?"

அந்தப் பக்கம் டாக்டர் மிதுலாவின் வாயிலிருந்து மாவை உருவி எடுத்தார். வாய் காலியான மறு விநாடி அவள் அறைக்குக் குறுக்காகக் கூப்பிட்டாள்.

"யோவ் மம்பட்டி."

வளையம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரையில் எண் மாறியது. நிலை 4, சிரிப்பு. மாதிரி 1.